தலைக்கு ஒரு ஒப்புட்டு

"வயரா, வயர்லெஸ்ஸா?" என்று இப்போதெல்லாம் யாரும் கேட்பதில்லை. நான் கேட்டேன். கடைக்காரர் பார்த்த பார்வையில், மாட்டு வண்டிக்கு ஸ்டெப்னி கேட்டு வந்துவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது.

நான் வக்கீல், பெயர் பிருந்தா. ஈரோட்டில் பெருந்துறை ரோட்டை ஒட்டி, ஒன்றோடு ஒன்று தோள் ஒட்டி நிற்கும் வரிசை வீடுகளில் ஒன்று என்னுடையது. முன்னறை ஆபீஸ், பின்னால் வீடு. குடும்ப வழக்குகள்தான் அதிகம். புருஷனிடம் அடி வாங்கி ஓடி வந்த பெண்கள், வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்ட பிள்ளைகள். இவர்கள் என் அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே வெளியே தெரியக்கூடாது. தெரிந்தால் சிலபேர் அரிவாளோடு வருவார்கள். அதனால்தான் அப்படிக் கேட்டேன்.

ஊரெல்லாம் 'அரவணை' பெட்டி வைத்திருந்த சமயம் அது. பெயரைப் பாருங்கள், அரவணையாம்! இணையம் தருகிற பெட்டிதான். ஆனால் அதன் அலை அறை முழுக்கப் பரவி, மனித உடம்பில் பட்டுத் திரும்பும். திரும்பி வருகிற அலையில் நம் நடை இருக்கும், மூச்சு இருக்கும், நெஞ்சுத் துடிப்பு இருக்கும். வீட்டில் யாராவது விழுந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடும். ஆளில்லாத வீட்டில் யாராவது நடமாடினால் போனில் கத்தும். அதை வைத்திருப்பவர்களுக்கு மருத்துவக் காப்பீட்டில் தள்ளுபடி வேறு. யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிக்கிற ஜனம், மூச்சையா கொடுக்காது?

கேபிள் போடும் நாச்சிமுத்துவைத் தேடிப் பிடித்தேன். அவருக்கே வேலை கிடைத்ததில் ஆச்சரியம்.

"வயர்லெஸ்னா அலைங்க மேடம். அது செவுரு பாக்காது, கதவு பாக்காது. வயர்னா கம்பிக்குள்ள போய்ட்டுக் கம்பிக்குள்ளயே திரும்பி வந்துரும். உங்க ஆபீஸ்ல ஆரு உக்காந்திருக்காங்க, எந்திரிச்சுப் போனாங்கன்னு அதுக்கு ஒண்ணும் தெரியாது."

"அது போதும்."

"செலவு கூடுமுங்க. செவுத்தைக் கொத்தோணும். நாளைக்கு மேசையை நகத்திப் போடோணும்னாலும் என்னைக் கூப்பிடோணும்."

"கொத்துங்க."

அவர் பொதுச்சுவரைத் தட்டிப் பார்த்தார். "பக்கத்து ஊட்டுல பொட்டி வெச்சிருக்காங்களா? அந்த அலை இங்கியும் வரத்தான் செய்யும். ஆனா அவங்க ஊட்டு ஆளுங்களைத்தான் அது படிக்கும். இந்தப் பக்கம் அதுக்குக் கலங்கத் தண்ணியாட்ட. ஒண்ணும் வெளங்காது."

"இப்போதைக்கா, எப்பவுமா?"

"அது கம்பெனிக்காரனுக்குத்தானுங்க தெரியும்."

கோர்ட்டில் ஒரு சாட்சி இப்படிச் சொல்லியிருந்தால் விட்டிருப்பேனா? அன்றைக்கு விட்டுவிட்டேன். சுவர் ஓரமாக வெள்ளை வயர் ஓடியதைப் பார்க்க ஏதோ கோட்டை கட்டியது போல எனக்குப் பெருமையாக இருந்தது.

பக்கத்து வீடு ராஜாமணி அக்காவுடையது. அவரும் அவர் கணவர் பொன்னுசாமி அண்ணனும் மட்டும்தான். அண்ணனுக்கு நெஞ்சில் கோளாறு. ஒருநாள் குளியலறையில் மயங்கி விழுந்தபோது அக்கா காய்கறிச் சந்தையில் இருந்தார். பெட்டிதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது. அன்றிலிருந்து அந்தப் பெட்டிக்குப் பொட்டு வைக்காத குறைதான். நான் வயர் போட்டபோது அக்கா சிரித்தார்.

"ஊரே ஒரு வழி போனா வக்கீல் வேற வழி. தனியா இருக்கறவ நீதானே கண்ணு, உனக்குத்தானே அது வேணும்?"

அக்கா வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆடி நோம்பி, தை நோம்பி என்று பண்டிகைகளுக்கு ஒப்புட்டு, அதாவது போளி, சுட்டால், பக்கத்து வீட்டில் எத்தனை தலையோ அத்தனைதான் கொடுப்பார். உயிரோடிருக்கும் தலைக்கு ஒன்று. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. "கொறைச்சுக் குடுத்தா ஒரு உசிர இல்லீன்னு சொன்ன மாதிரி" என்பார். அவர் வீடு மட்டுமில்லை, எங்கள் பக்கத்துப் பழைய குடும்பங்கள் பலவற்றில் இதே கணக்குதான். என் கணவர் இறந்த வருஷம் காரியமெல்லாம் முடிந்து, அழுகையெல்லாம் வற்றி, நான் தேறிவிட்டேன் என்று நினைத்திருந்தேன். ஆடி நோம்பி வந்தது. வழக்கமாக இரண்டு இருக்கும் தட்டில் ஒரே ஒரு ஒப்புட்டு இருந்தது. அன்றைக்குத்தான் அவர் நிஜமாகவே செத்துப்போனார் எனக்கு.

போன வருஷம் ஆடி நோம்பிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த இரண்டு பேரும் வந்தார்கள். பெண் சம்யுக்தா, நூல் மில் முதலாளியின் ஒரே மகள். பையன் நிதிலன், அதே மில்லில் நூற்பு மெஷின்களைப் பராமரித்தவன். பதிவுத் திருமணம் செய்து இரண்டு மாதமாக ஊர் ஊராக அலைந்திருக்கிறார்கள். எங்கே போனாலும் அப்பாவின் ஆட்கள் வந்துவிடுகிறார்களாம். திருச்சியில் நிதிலனின் தோளில் விழுந்த வெட்டு இன்னும் முழுசாக ஆறவில்லை. செவ்வாய்க்கிழமை நீதிமன்றத்தில் பாதுகாப்பு மனு வருகிறது. அதுவரை அந்தப் பையனை உயிரோடு வைத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

"எப்படித்தான் கண்டுபிடிக்கிறாங்கன்னு தெரியலைங்க மேடம். போனைத் தூக்கிப் போட்டுட்டோம். கார்டு எதுவும் இல்லை" என்றான் நிதிலன்.

சம்யுக்தாதான் சொன்னாள். "நான் பொறந்ததிலிருந்து எங்க வீட்டுல அரவணை இருக்குது மேடம். நான் தூங்கற மூச்சு, ஓடற மூச்சு, அழுகற மூச்சு, எல்லாம் அதுக்குத் தெரியும். காணாமப் போன குழந்தைங்களைத் தேடறதுக்குன்னு ஒரு வசதி இருக்குது. பெத்தவங்க ஒரு பட்டனை அமுத்தினா போதும், எல்லா ஊட்டுப் பொட்டியும் அந்த மூச்சைத் தேடும்."

"குழந்தைகளைத்தானே?"

"எங்கப்பாவுக்கு நான் இன்னும் குழந்தைதானே மேடம்."

நான் சுவரோரம் ஓடிய வெள்ளை வயரைக் காட்டினேன். "இந்த வீட்டுல அலையே கிடையாது. நீங்க இங்க மூச்சு விடலாம்" என்றேன். வசனம் நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். பொதுச்சுவரில்தான் சாய்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆடி நோம்பி. பதினோரு மணி சுமாருக்குப் பின்பக்க மதிலுக்கு மேலே அக்காவின் கை தெரிந்தது. "பிருந்தா, வட்டலை வாங்கிக்க, கை சுடுது" என்றார். வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன். சம்யுக்தாவும் நிதிலனும் அடுக்களையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். தட்டை மூடியிருந்த வாழையிலையை எடுத்தேன்.

நான்கு ஒப்புட்டு.

ஒன்று இருக்க வேண்டிய தட்டு இது. இவர்கள் வந்ததிலிருந்து ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை. அக்காவுக்கு எப்படித் தெரியும்? அப்படியே தெரிந்தாலும் மூன்றுதானே வர வேண்டும்? அக்கா கணக்கில் தவறுகிறவர் இல்லையே. இருபது வருஷத்தில் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

கட்டிலுக்கு அடியில், மாடிப்படியில், மொட்டை மாடித் தொட்டிக்குப் பின்னால் என்று வீடு முழுக்கத் தேடினேன். வேறு யாரோ ஒருவன் வீட்டுக்குள் இருக்கிறான் என்றுதான் நினைத்தேன். யாருமில்லை. இரண்டு பேரையும் உள்ளறையில் தாழ் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

பொன்னுசாமி அண்ணன் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அடுப்படியில் இருந்தார்.

"அக்கா, நாலு வெச்சிருக்கீங்களே?"

"ஆமா. ஒறம்பறை வந்திருக்குதாட்ட? சொந்தக்காரங்க வந்ததைச் சொல்லவே இல்லை பாரு." மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துக் காட்டினார். "முந்தாநாத்து என்னமோ புதுசா வந்துச்சு. அக்கம்பக்கம்னு பேரு. திருட்டுப் பயத்துக்காம். நம்ம தெருவே தெரியுது பாரு."

திரையில் எங்கள் தெரு இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஓர் எண். அக்கா வீட்டுக் கட்டத்தில் மூன்று: அக்கா, அண்ணன், நான். அதை ஒட்டிய கட்டம், அலையே இல்லாத என் வீடு. அதிலும் மூன்று என்று இருந்தது. நான் இங்கே இருக்கிறேன். அங்கே இருப்பது இரண்டே பேர்.

கலங்கத் தண்ணி தெளிந்துவிட்டது. எவனோ எங்கேயோ உட்கார்ந்து ஒரு அப்டேட் போட்டிருக்கிறான். நான் சுவரைக் கொத்தி வயர் இழுத்ததெல்லாம் பக்கத்து வீட்டுப் பெட்டிக்கு ஒரு பொருட்டே இல்லை.

அந்தக் கட்டத்தை ஒட்டி ஒரு சிவப்புப் புள்ளி மினுங்கியது. "இது என்னக்கா?"

அக்கா முகம் மாறியது. "காலைல இருந்து கேட்டுக்கிட்டே இருக்குது. உன்னையக் கேக்காம எதையும் அமுத்த வேண்டாம்னு உட்டுட்டேன்."

தொட்டேன். 'காணாமல் போன மகள் ஒருவரின் மூச்சு, அடுத்த வீட்டில் இருப்பவருடன் ஓரளவு ஒத்துப்போகிறது. உறுதியாகத் தெரியவில்லை. அங்கே இளம்பெண் யாராவது தங்கியிருக்கிறாரா? ஆம். இல்லை.'

"அக்கா, இந்தப் பெட்டியைக் கழட்டிருங்க. செவ்வாய்க்கிழமை வரைக்கும்."

அக்கா நாற்காலியைப் பார்த்தார். டிவியில் எதற்கோ அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். "அதை மட்டும் சொல்லாதே கண்ணு. அது மட்டும் என்னால ஆகாது."

நான் மறுபடி கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பது?

"ஆனா அந்தப் புள்ளைய நான் ஒருக்காப் பாக்கோணும்" என்றார். "பெத்தவங்க தேடறாங்க. தெரியாமச் சொல்லவும் மாட்டேன், தெரியாம மறைக்கவும் மாட்டேன்."

போனைக் கையில் பிடித்தபடியே என்னோடு வந்தார். உள்ளறைக் கதவைத் திறந்ததும் நிதிலன் எழுந்து சம்யுக்தாவுக்கு முன்னால் வந்து நின்றான். சட்டைக்குள்ளிருந்து தோள் கட்டு எட்டிப் பார்த்தது. அக்கா அதைப் பார்த்தார். பிறகு அவனைத் தாண்டி அந்தப் பெண்ணைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தார்.

"எத்தனை நாள் தள்ளிப் போயிருக்குது அம்மணி?"

சம்யுக்தா விழித்தாள். "ஓடி அலைஞ்சதுல நான் கணக்கே வெக்கலைங்க."

"பொட்டி கணக்கு வெச்சிருக்குது. நாலாவது உசிர நீதான் வெச்சிருக்கறே."

சம்யுக்தாவின் கை தானாக வயிற்றுக்குப் போனது. நிதிலன் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான். எனக்கும் கண் கலங்கியது, மறைக்க முடியவில்லை. இரண்டு உயிருக்காக விடுகிற மூச்சு, அப்பா வீட்டில் விட்ட மூச்சாக இருக்காது. அதனால்தான் பெட்டிக்கு இந்தமுறை அவளைச் சரியாக அடையாளம் தெரியவில்லை. இன்னும் முகம்கூட வராத ஒரு பிள்ளை அம்மாவை ஒளித்து வைத்திருந்தது.

அக்கா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எங்கள் எதிரிலேயே 'இல்லை'யை அமுக்கினார்.

"நானும் மூணு பெத்தவ" என்றார். "இவளோட அப்பனுக்கு நான் பதில் சொல்லிக்கறேன், மேல போய்."

திரையில் ஒரு வரி வந்தது. 'நன்றி. தேடல் இங்கே முடிந்தது. அருகில் புதிய துடிப்பு ஒன்று பதிவு செய்யப்பட்டது.' அக்கா அதை விரலால் தள்ளிவிட்டார். நானும் பார்த்தேன். வாழ்த்துச் சொல்கிறது போல என்று நினைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மனு நல்லபடியாக முடிந்தது. சம்யுக்தாவுக்கும் நிதிலனுக்கும் பாதுகாப்பு. அதோடு, சம்யுக்தாவின் மூச்சு, நடை, துடிப்பு எல்லாவற்றையும் கம்பெனி அழித்துவிட வேண்டும், அவளை இனி யாரும் தேடக் கூடாது என்று உத்தரவு வாங்கினேன். கம்பெனிக்காரர்கள் நல்ல பிள்ளைகளாக அழித்துக் காட்டினார்கள். இந்த மாதிரி உத்தரவு இதுவே முதல்முறை என்று சக வக்கீல்கள் கை கொடுத்தார்கள். எனக்கு நடை கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது, பொய் சொல்வானேன்.

இரண்டு பேரும் மைசூர் போனார்கள். ஒரு மாடி வீடு. நாச்சிமுத்து தனக்குத் தெரிந்த ஆளை அனுப்பி அங்கேயும் வயர் போட வைத்தார். பங்குனியில் பெண் குழந்தை பிறந்தது. விலாசம் எனக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் பேச்செல்லாம் கம்பி வழியாகத்தான்.

இந்த ஆடி மாதம் நாச்சிமுத்து வேறு வேலையாக வந்தார். டீ குடித்துக்கொண்டே சொன்னார். "இப்ப 'உறவு தேடல்'னு ஒண்ணு உட்டிருக்கான் மேடம். ரத்த சொந்தத்துக்குள்ள நெஞ்சுத் துடிப்புல ஒரு சாயல் இருக்குமாமா. உங்க துடிப்பைக் குடுத்தா, ஒத்துப்போற துடிப்பு எங்கெங்க இருக்குதுன்னு காட்டிருது. பிரிஞ்ச குடும்பத்தைச் சேத்து வெக்கறதுக்காம்."

"சம்யுக்தாவோடதை அழிச்சாச்சே."

"அந்தப் புள்ளையோடது அழிச்சாச்சுங்க. கொழந்தையோடது?"

டம்ளரைக் கீழே வைத்தேன். நான் எழுதிய மனுவில் இரண்டு பெயர்கள் இருந்தன. பெயரே இல்லாத மூன்றாவதை யாரும் எழுதவில்லை. 'புதிய துடிப்பு ஒன்று பதிவு செய்யப்பட்டது.' அம்மாவின் மூச்சையாவது அவள் பிறந்த பிறகுதான் பெட்டி கேட்டது. இந்தக் குழந்தையைக் கருவிலிருந்தே கேட்டிருக்கிறது. மைசூரில் அவர்கள் வீட்டில் வயர்தான். கீழ்வீட்டில்? எதிர்வீட்டில்?

உடனே கூப்பிட்டேன். யாரும் எடுக்கவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். நாச்சிமுத்து டீயை முடிக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒப்புட்டு சுடுகிற வாசனை வந்தது. நோம்பி என்பதையே மறந்திருந்தேன்.

கடைசியில் சம்யுக்தாவே கூப்பிட்டாள். குரலில் ஒரே சந்தோஷம். பின்னால் குழந்தை சிணுங்கியது.

"மேடம், பாப்பாவுக்குத் தண்ணி வாத்துட்டிருந்தேன், அதான் எடுக்கலை. நீங்க ஒப்புட்டு அனுப்பிச்சீங்களா?"

"இல்லையே."

"அப்ப நான் நெனைச்சது சரிதான்! கதவு முன்னால ஒரு தூக்குப் போசி இருந்துச்சு. திறந்தேன், அந்த வாசனையிலயே தெரிஞ்சுபோச்சு. எங்கம்மா கைப் பக்குவம். ஏலக்காயை இப்படி அள்ளிப் போடறது அவங்க மட்டும்தான்." அழுதுகொண்டே சிரித்தாள். "எங்கப்பா மனசு மாறிட்டாராட்ட மேடம். பேத்தியப் பாத்தாக் கோவம் இருக்குமா? எப்படிக் கண்டுபிடிச்சாங்களோ, கண்டுபிடிச்சிட்டாங்க."

"எத்தனை இருக்கு?" என்று கேட்டேன்.

"ரெண்டு. ஒண்ணு பெருசு, ஒண்ணு பாப்பா உள்ளங்கையாட்டத் துளியூண்டு..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். அவளும் இந்த மண்ணில் பிறந்தவள்தானே. தலைக்கு ஒன்று என்பதை அவளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

"நிதிலன் எங்கே?" என்றேன்.

"பால் வாங்கப் போனாரு மேடம்" என்றாள். "இந்நேரம் வந்திருக்கோணும்."